ஆறரை மணிச் சுவர்க்கோழிகள்

வெள்ளானூர்,
22.9.2024

திரு. கலியமூர்த்தி அவர்களுக்கு,

உங்கள் 'மேப்பிள் வுட்ஸ்' குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் ஒரு பச்சைத் துண்டுத்தாள் என் தபால் பெட்டியில் கிடந்தது. மேப்பிள் மரத்தை உங்களில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை என்பதை நான் அறிவேன். அதனால் அந்தத் தாளில் இருந்த வண்ணத்துப்பூச்சிக்கு எட்டுக் கால்கள் வரையப்பட்டிருந்ததும் எனக்கு வியப்பளிக்கவில்லை.

"நகரத்துப் பல்லுயிரை நாக்கால், காதால், கண்ணால் அனுபவிப்போம்" என்று தலைப்பு. இடம் என்ற வரியில் "பக்கத்துக் காலி மனை". அந்தப் பக்கத்துக் காலி மனைக்குப் பட்டா இருக்கிறது, சுற்றுச்சுவர் இருக்கிறது, பூட்டு இருக்கிறது. உரிமையாளரும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள்.

போன வருடம் இதே சங்கம், இதே ரப்பர் முத்திரையோடு, என் மனையில் புதர் மண்டிவிட்டது, பாம்பு வருகிறது, கொசு வருகிறது, உடனே வெட்டச் சொல்லுங்கள் என்று பஞ்சாயத்துக்கு மனு கொடுத்தது. அதில் முதல் கையெழுத்து உங்களுடையது. இப்போது அதே புதரை நாக்கால் அனுபவிக்க வருகிறீர்கள். ஒரே வருடத்தில் புதர் பல்லுயிர் ஆகிவிட்டது.

எப்படியிருந்தாலும் நீங்கள் தாமதமாகிவிட்டீர்கள். அங்கே இனிக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. சனிக்கிழமைதோறும் உங்கள் சங்கம் அடித்த கொசுப் புகையில் எல்லாம் செத்துவிட்டன. சுவர்க்கோழி என்று ஒரு கறுப்புப் பூச்சி உண்டு. செங்கல் சந்துகளில் இருந்துகொண்டு மாலை ஆறரை மணிக்குத் தொடங்கும். இருபத்தாறு வருடம் அந்த மனையில் அது ஒரு நாளும் தவறியதில்லை. இந்தக் கோடையிலிருந்து ஒன்றுகூட இல்லை. நான் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தவள். காப்பி கொடுத்து உபசரிக்கத் தேவையில்லாத கூட்டம் அது ஒன்றுதான். அதையும் ஒழித்துவிட்டீர்கள்.

ஆகவே அந்த மனையை வைத்துக்கொள்ள எனக்குக் காரணம் இல்லை. வானகரத்தில் கிடங்குகள் வைத்திருக்கும் ஸ்ரீகாந்த் என்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். நவம்பர் 11-ஆம் தேதி அக்ரிமெண்ட். சிமெண்ட் தளம் போட்டு அட்டைப்பெட்டி அடுக்கப்போகிறாராம். அட்டைப்பெட்டிகளை நீங்கள் நாக்கால் அனுபவிக்கலாம்.

என் கணவரின் கீழே முப்பது வருடம் இரும்பு அடிக்கும் ஃபோர்ஜ் ஷாப்பில் வேலை பார்த்தவர் என்பதால் உங்களுக்கு இதை எழுதுகிறேன். ஃபோன் செய்யாதீர்கள். எல்லாரும் ஃபோனில் தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல் பேசுகிறார்கள். கான்வென்டில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்: சொல்ல வேண்டியது இருந்தால் எழுது, எழுத வராவிட்டால் அது சொல்ல வேண்டியதே இல்லை.

லோகநாயகி ராகவன்


மேப்பிள் வுட்ஸ், மூன்றாம் மாடி,
25.9.2024

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

கலியமூர்த்தி எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல். நான் கடிதம் எழுதிப் பல வருடம் ஆகிறது. ஊரில் அப்பாவுக்கு எழுதியதுதான் கடைசி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

மனு விஷயத்தில் என்மேல் தப்பு. தலைவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான் டெல்டாக்காரன். புல் பூண்டைப் பார்த்துப் பயப்படுகிறவன் இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்த மாடிக்கு வந்த பிறகு புத்தி கொஞ்சம் மழுங்கிவிட்டது.

இந்த நடை ஏற்பாடு செய்வது நிவேதிதா என்கிற பெண். நான்காம் மாடி. கம்ப்யூட்டர் வேலை. பூச்சி என்றால் அந்தப் பெண்ணுக்கு உயிர். போன மாதம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருந்த குளவிக் கூட்டை யாரும் தொடக்கூடாது என்று இரண்டு நாள் காவல் இருந்தாள். துண்டுத்தாளில் எட்டுக் கால் போட்டது அவள் இல்லை, அச்சகத்துக்காரர். அவள் அழுதேவிட்டாள்.

ஒரு விஷயம் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கொசுப் புகை அடிப்பதை ஜூன் மாதமே நிறுத்திவிட்டோம். நிவேதிதாதான் சங்கக் கூட்டத்தில் சண்டை போட்டு நிறுத்தினாள். நாலு மாதமாக ஒரு பொட்டுப் புகை கிடையாது.

அதோடு அம்மா, சுவர்க்கோழி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டு மேற்கு பால்கனி தங்கள் மனையைப் பார்த்தபடிதான் இருக்கிறது. சாயந்திரம் துணி எடுக்கப் போனால் எனக்குக் கேட்கிறதே. நேற்றுகூடக் கேட்டது. ஒருவேளை காற்று வாட்டமாக இருக்கலாம்.

தயவுசெய்து ஒரே ஒரு நாள் அனுமதி கொடுங்கள். பதினாலு பேர்தான். பூட்டைத் திறந்து தாங்களே முன்னால் நடக்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
கலியமூர்த்தி


வெள்ளானூர்,
28.9.2024

திரு. கலியமூர்த்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் சிவப்பு மையால் திருத்தம் செய்து திருப்பி அனுப்பியிருக்கிறேன். தேதி வலது மேல் மூலையில் வர வேண்டும். "ஒரு பொட்டுப் புகை" என்பது எழுத்து அல்ல, பேச்சு.

காற்று வாட்டமாம். நான் அந்த மனையிலிருந்து ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் மூன்றாம் மாடியில், கேட்கும் கருவி என்று ஒரு பட்டாணியைக் காதுக்குள் செருகிக்கொண்டு, துணிக்கொடிப் பக்கத்தில் நிற்கிறீர்கள். உங்களுக்குக் கேட்டதாம், எனக்குக் கேட்கவில்லையாம். அந்த யந்திரத்துக்குள் பேட்டரி கீச்சிடுகிறதோ என்னவோ, கடைக்காரரைக் கேளுங்கள்.

என் காதில் குறை ஒன்றும் இல்லை. காலையில் செம்போத்து கூவுவது கேட்கிறது. மழை பெய்தால் தவளை கத்துவது கேட்கிறது. செங்குன்றம் சாலையில் லாரி போவது, உங்கள் கட்டடத்தில் மோட்டார் ஓடுவது, காகம் கரைவது எல்லாம் கேட்கிறது. கெட்டுப்போனது உலகம்தான். என் மருமகள் வாங்கிக்கொடுத்த புதுக் குக்கர் விசிலே அடிப்பதில்லை. இரண்டு முறை பருப்பு அடிப்பிடித்தது. பால்காரர் மணி அடிக்காமல் பையை வைத்துவிட்டுத் திருடனைப்போல் ஓடுகிறார். உங்கள் காவல்காரர் தேவா கடிதத்தை எடுத்துவந்து, கேட் பக்கத்தில் ஊமையாக நிற்கிறார். உங்கள் நிவேதிதா நேற்று நேரில் வந்தாள். அந்தப் பெண் உதட்டைப் பிரிக்காமல் பேசுகிறாள். கேட்ட கேள்வியைத் திரும்பச் சொல் என்றால் சிரிக்கிறாள். எங்கள் சிஸ்டர் பெர்னதெத் இருந்திருந்தால் வாயில் பென்சிலைக் குறுக்கே வைத்துப் பேசப் பழக்கியிருப்பார்.

அனுமதி தருகிறேன். உங்கள் ஆசைக்காக அல்ல. என் கணவரின் ஷாப்பில் இருந்தவர் பொய் சொல்கிறார் என்று நிரூபிப்பதற்காக. அக்டோபர் 6, ஞாயிறு மாலை ஐந்தரை மணி. சுவர் ஓரமாக மட்டும் நடக்க வேண்டும். முடக்கத்தான் கொடியை வேரோடு பிடுங்கக்கூடாது. ஆறரை மணிக்கு எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு என்ன கேட்டது என்று நீங்கள் எல்லார் முன்னிலும் சொல்ல வேண்டும்.

லோகநாயகி ராகவன்


மேப்பிள் வுட்ஸ்,
7.10.2024

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

தேதியை வலப்பக்கம் போட்டிருக்கிறேன்.

நேற்றைய நடைக்கு எல்லார் சார்பிலும் நன்றி. தாங்கள் டம்ளர் டம்ளராகக் கொடுத்த முடக்கத்தான் ரசத்தைப் பற்றித்தான் இன்று லிப்டில் பேச்சு. இரண்டாம் மாடி தினகரனுக்கு முட்டிவலி. ஒரே டம்ளரில் பாதி குறைந்துவிட்டது என்கிறார். நம்பாதீர்கள், ஆனால் சொல்கிறார். மூக்கிரட்டைக் கீரையைத் தாங்கள் பறித்துக் காட்டியதும் நிவேதிதா ஓடிப்போய் இலையின் அடிப்பக்கம் பார்த்தாளே, அங்கே ஒரு புழு இருந்ததாம். அதைப் பற்றி ராத்திரி எனக்கு ஒரு பக்கச் செய்தி அனுப்பியிருக்கிறாள். எருக்கஞ்செடியில் வரிவரியாக இருந்த புழுவைப் பார்த்து கூட வந்த ஒரு சின்னப் பெண் "இது யூனிஃபார்ம் போட்டிருக்கு" என்றது எனக்கு மறக்காது.

ஆறரை மணி விஷயம். ஐந்து நிமிடம் எல்லாரும் கண்ணை மூடி நின்றோம். முடிந்ததும் தாங்கள், "கேட்டீர்களா? சுடுகாடு மாதிரி இருக்கிறது" என்றீர்கள். நிவேதிதா எதையோ சொல்ல வாயெடுத்தாள். நான் குறுக்கே புகுந்து, நேரமாகிவிட்டது, கிளம்பலாம் என்றேன். எல்லார் முன்னிலும் சொல்ல வேண்டும் என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். சொல்லாமல் வந்துவிட்டேன். அதனால் இப்போது எழுதுகிறேன்.

தாங்கள் சொன்னதற்கு எனக்கு மறுப்பில்லை.

தங்கள் உண்மையுள்ள,
கலியமூர்த்தி


வெள்ளானூர்,
9.10.2024

திரு. கலியமூர்த்தி அவர்களுக்கு,

மறுப்பில்லை என்று எழுதுவதற்கு உங்களுக்கு ஒரு முழுப் பக்கமும் ஒரு முட்டிவலியும் தேவைப்பட்டிருக்கிறது. பரவாயில்லை, ஏற்றுக்கொண்டேன்.

உங்கள் பல்லுயிர்க் கூட்டத்தைப் பற்றி நான் எழுதாமல் இருந்தால் நன்றியில்லாதவள் ஆவேன். பதினாலு பேர் என்று சொல்லிப் பத்தொன்பது பேர் வந்தீர்கள். அதில் ஒருவர் எருக்கு இலையைச் சாலட்டில் போடலாமா என்று கேட்டார். அவர் பொறியாளராம். போடுங்கள் என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஓர் அம்மாள் முசுறு எறும்புக் கூட்டுக்குக் கீழே நின்று, இயற்கை எவ்வளவு அமைதி என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. எறும்புகள் முடித்தன. மூன்று பேர் செடியைப் பார்க்கவே இல்லை. செடியைப் பார்க்கும் தங்களையே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நிவேதிதா ஒரு டப்பாவில் முடக்கத்தானை அரைத்து, எண்ணெய் ஊற்றி, சேமியாவின் பெரியப்பாவைப் போன்ற ஏதோ ஒன்றில் பிசைந்து கொண்டுவந்திருந்தாள். ருசித்தேன். தப்பு முடக்கத்தானுடையது அல்ல.

என் வேலை முடிந்தது. ஸ்ரீகாந்த் இன்று வந்தார். கொழகொழ என்று பேசுகிறார், பாதி புரியவில்லை. அவர் அளவு நாடாவைப் பிடித்து நடந்ததிலிருந்து மனையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. நல்லது. பிடிக்காததை விற்பது எளிது. அக்ரிமெண்ட் தேதியில் மாற்றம் இல்லை. இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து என் கணவர் அந்தப் பூச்சிச் சத்தம் இல்லாத இடத்தில் தூங்கியதில்லை. அவர் குறட்டை அதைவிடப் பெரிது என்பது வேறு விஷயம். அவர் போன பிறகு அது இருந்தது. அதுவும் நின்ற பிறகு வீடு தேவைக்கு மேல் பெரிதாகிவிட்டது.

கடைசி வாக்கியத்தைப் படித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

லோகநாயகி ராகவன்


மேப்பிள் வுட்ஸ்,
21.10.2024

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

மழை நாட்களில் இந்தக் கடிதத்தை ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஏழாவது.

7-ஆம் தேதி நான் எழுதியது பொய். "மறுப்பில்லை" என்ற வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஃபோர்மேன் வீட்டம்மா சொன்னால் சரி என்று முப்பது வருடமாகப் பழகிய நாக்கு. அதனால் ஒரு மனை கைமாறப்போகிறது என்று தெரிந்தபின் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கு ஆறரை மணிக்கு அந்த மனையில் காது அடைக்கிற சத்தம், அம்மா. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன், தாங்கள் எங்கள் எல்லார் முகத்தையும் பார்த்தபடி நின்றீர்கள். நாங்கள் கண்ணைத் திறந்ததும், சுடுகாடு என்றீர்கள். வெளியே வந்ததும் தேவாதான் முதலில் வாயைத் திறந்தான்.

"இன்னா சார் இது! காதாண்ட கிலுகிலுப்பை ஆட்டற மாரி கீது, அந்தம்மா ஒண்ணியும் இல்லன்றாங்க? நெசமாவே கேக்கலியா, இல்ல நம்மகிட்ட வம்பு வளத்துகினு கீறாங்களா?"

"சும்மா இருடா" என்றேன்.

"நான் சொன்னா கோச்சிக்காதீங்க சார். லட்டர் கொண்டாந்தா கேட்டாண்ட நின்னு தொண்ட கிழியக் கத்தறேன். திரும்பவே மாட்டாங்க. அப்புறம் மொறைப்பாங்க, இன்னாடா ஊமையா நிக்கறேன்னு."

அவனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் சொன்னது எனக்குப் புதிது இல்லை. என் கதையைச் சொல்கிறேன்.

ஃபோர்ஜ் ஷாப்பில் காதில் வைக்கப் பஞ்சுக்கட்டை கொடுப்பார்கள். நாங்கள் அதைச் சட்டைப்பையில் வைப்போம். ஆம்பளைத்தனம். ஐம்பது வயதில் ஒருநாள் என் வீட்டுக்காரியைப் பார்த்து, "கொலுசை ஏன் கழற்றிட்டே?" என்று கேட்டேன். அவள் காலை நீட்டிக் காட்டினாள். கொலுசு இருந்தது. ஆட்டிக் காட்டினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் அன்று அவளைத் திட்டினேன். அப்புறம் ஆறு வருடம் எல்லாரையும் திட்டினேன். ஊர் முழுக்க மெதுவாகப் பேசி என்னை ஏமாற்றுகிறது என்று நம்பினேன். தொழிற்சாலை டாக்டர் தாளில் கோடு போட்டுக் காட்டினார். மெலிந்த சத்தங்கள்தான் முதலில் போகும். கொலுசு, குக்கர் விசில், சைக்கிள் மணி, சின்னப் பிள்ளைகள் பேச்சு. தடித்த சத்தம் எல்லாம் இருக்கும். சுத்தியல், லாரி, காகம், தவளை. அதனால்தான் நமக்குத் தெரிவதில்லை. உலகம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம்.

சுவர்க்கோழியும் மெலிந்த சத்தம்தான், அம்மா.

இதற்கு மேல் எழுத எனக்குத் தகுதி இல்லை. மனை தங்களுடையது. பூச்சி செத்துவிட்டது என்பதற்காக மட்டும் விற்காதீர்கள். அது சாகவில்லை.

கலியமூர்த்தி


வெள்ளானூர்,
23.10.2024

திரு. கலியமூர்த்தி,

நீங்கள் உங்கள் மனைவியின் கொலுசை என் வீட்டுக்குள் எதற்காகக் கொண்டுவந்தீர்கள் என்று தெரியவில்லை. எனக்குச் செவிடி என்று பட்டம் கட்டுவதற்குப் பத்தொன்பது பேரும் ஒரு காவல்காரரும் தேவைப்பட்டிருக்கிறார்கள். பஞ்சாயத்துக்கு மறுபடி மனு கொடுத்திருக்கலாம். முத்திரை உங்களிடம்தானே இருக்கிறது.

என் கணவர் உங்களைப் பற்றி ஒரு முறை சொன்னார்: வேலை சுத்தம், வாய் நீளம். வேலையைப் பற்றி அவர் தவறாகச் சொல்லியிருக்கலாம்.

இனி எனக்கு எழுத வேண்டாம். தேவா வந்தால் கேட் திறக்கப்படாது.

லோ. ராகவன்


மேப்பிள் வுட்ஸ்,
2.11.2024

அம்மா அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது கடிதம் இல்லை, குறிப்பு. தேவாவிடம் கொடுக்காமல் நானே வந்து தபால் பெட்டியில் போடுகிறேன். படிக்காமல் கிழித்தாலும் சரி.

அன்று நடையில் தங்கள் பின்வாசல் கடைசிப் படிக்கு இடப்பக்கம், காரை பெயர்ந்த செங்கல் சந்தில், ஒன்று உட்கார்ந்திருந்ததை நிவேதிதா பார்த்தாள். தங்கள் நாற்காலிக்கு இரண்டடி தூரம். அது இடத்தை மாற்றாதாம். ஆண் பூச்சிதான் பாடுமாம். தொண்டையால் இல்லை. முதுகில் இருக்கிற இரண்டு இறக்கைகளையும் தூக்கி, ஒன்றின்மேல் ஒன்றை உரசுமாம். உரசும்போது இறக்கை நடுங்குவது கண்ணுக்கே தெரியும் என்கிறாள். வெளிச்சம் பட்டால் நிறுத்திவிடும். டார்ச் விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டினால் அதற்குத் தெரியாது. தீபாவளி இனிப்புப் பெட்டியில் சுற்றிவந்த தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

நான் சொன்னால் நம்ப வேண்டாம். பட்டாணி வைத்தவன் பேச்சு. தாங்கள் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். தங்கள் கண் நல்ல கண். என் முதல் கடிதத்தில் பதினேழு திருத்தம் போட்டீர்கள்.

11-ஆம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

கலி.


வெள்ளானூர்,
10.11.2024

திரு. கலியமூர்த்தி அவர்களுக்கு,

தேதி வலப்பக்கம் இருந்தது. கையெழுத்தை "கலி" என்று பாதியில் நிறுத்துவது நாகரிகம் அல்ல.

உங்கள் குறிப்பை ஆறு நாள் தொடவில்லை. சிவப்புத் தாளில் நெய்க் கறை இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை மழை விட்டிருந்தது. பின்வாசலில் முட்டி போட்டேன். எழுபத்து நான்கு வயது. கடைசியாக முட்டி போட்டது கான்வென்ட் சாப்பலில், வேறொருத்தி பேசியதற்காக எனக்குக் கிடைத்த தண்டனை. அதைவிட இது வலித்தது. சந்தில் ஒன்று இருந்தது. கறுப்பாக, தலை பெரிதாக, மிகவும் அற்பமான பிராணி. நீங்கள் எழுதியபடி இறக்கைகளைத் தூக்கியது. நடுங்கியது. அந்த நடுக்கத்தில் இறக்கையின் ஓரம் தெரியாமல் புகை மாதிரி ஆகிவிட்டது. நான் காதை அதன் அருகில் கொண்டுபோனேன். என் காதணி செங்கல்லில் இடிக்கும் அளவுக்கு. ஒன்றும் இல்லை.

தரையைக் கைத்தடியால் தட்டினேன். இறக்கை இறங்கியது. காத்திருந்தேன். மறுபடி தூக்கியது. மறுபடி தட்டினேன். இப்படி ஏழு முறை. சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்பது என் வழக்கம். எட்டாவது முறை தட்டவில்லை. அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. நானும் என் பாட்டுக்கு முட்டி போட்டுக்கொண்டிருந்தேன். எழுந்திருக்க அரை மணி நேரம் ஆயிற்று. காரணம் முட்டி மட்டும்தான்.

நேற்று அதே புதுக் குக்கரை மறுபடி வைத்து, அதன் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆவி மூன்று முறை பீய்ச்சியது. மருமகளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. அது இதைவிடக் கடினம்.

ஸ்ரீகாந்துக்கு மனை இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன். காரணம் கேட்டார். வாயைத் திறந்து பேசாதவர்களுக்கு நான் நிலம் விற்பதில்லை என்று எழுதினேன். அவர் வாயைத் திறந்துதான் பேசினார் என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மீசை எனக்குப் பிடிக்கவில்லை.

இனி மனையின் நிபந்தனைகள்.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு வரலாம். பதினாலு பேர் என்றால் பதினாலு பேர். எருக்கைத் தின்ன விரும்பிய பொறியாளரை முன்வரிசையில் நிறுத்துங்கள், கண்காணிக்க வேண்டும். நிவேதிதா அந்தச் சேமியாப் பெரியப்பாவைக் கொண்டுவரக்கூடாது. முடக்கத்தானை அரிசியோடு அரைத்துத் தோசை வார்ப்பது எப்படி என்று எழுதித் தருகிறேன். அவள் என் எதிரில் நின்று, வெளிச்சம் முகத்தில் விழும்படி பேச வேண்டும். அவள் நன்றாகத்தான் பேசுகிறாள் போலிருக்கிறது. தேவா கத்த வேண்டாம். கேட்டைக் கம்பியால் தட்டட்டும், இரும்புச் சத்தம் எனக்குக் கேட்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது தனி. ஒவ்வொரு வாரமும், மேற்கு பால்கனியில் துணி எடுக்கும்போது என்னென்ன சத்தம் கேட்டது என்று எழுதித் தர வேண்டும். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்திலிருந்து, எத்தனை. "காது அடைக்கிற சத்தம்" போன்ற சோம்பேறித்தனம் எனக்கு வேண்டாம். அது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். தேவாவின் கிலுகிலுப்பை பரவாயில்லை. உங்களுடையதை விட நன்றாக இருந்தது. கடைசிப் படியின் இடப்பக்கத்து ஆசாமியைத் தனியாகக் குறிப்பிடவும்.

அந்தப் பட்டாணியை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்பதைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதலாம். முன்பக்கத்தில் வேண்டாம். தேவா படிக்கிறான்.

லோகநாயகி ராகவன்